இரண்டாவது பேட்டரி

(முத்துப்பேட்டையில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கை உங்களுக்குத் தபாலில் அனுப்பினோம் அல்லவா? அதில் "வேன்: இரண்டாவது பேட்டரி, ரிலே, கேபிள்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் பற்றி மூன்று கடிதங்கள் வந்தன. ஒரு சகோதரர், "வண்டியில்தான் ஏற்கெனவே ஒரு பேட்டரி இருக்குமே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்டிருந்தார். ஒரு சகோதரி, "அந்தக் கிழட்டு வண்டியை விற்றுவிட்டுப் புதிது வாங்கினால் என்ன?" என்று எழுதியிருந்தார். மூன்றாவது கடிதத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எங்கள் கணக்குத் தாளையே திருப்பி அனுப்பி, அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறிதான் எங்களைத் தூங்கவிடவில்லை. கடிதத்தில் பதில் எழுத உட்கார்ந்தோம். மூன்று தாள் எழுதியும் பாதி தூரம்கூட வரவில்லை. நேரில் சொல்லிவிடுவதே நல்லது என்று எழுந்துவிட்டோம். டாக்டரம்மா தமக்குக் கொடுத்த பத்து நிமிடத்தையும் எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

முதலில் வண்டியைப் பற்றி. அது ஒரு மாட்டடார் வேன். புனேயில் பஜாஜ் டெம்போ கம்பெனியார் செய்தது. அந்தக் கம்பெனிக்கு 2005 முதல் போர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர். உங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் இந்த வண்டியில் கல்யாணத்துக்காவது போயிருப்பீர்கள். என்ஜின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிக்குள் இருக்கும். அதன் சூடு காலில் அடிக்கும், சத்தத்தில் பேச்சு கேட்காது. எங்களுக்கு இதைக் கொடுத்த குடும்பத்தார், வேளாங்கண்ணி, கன்னியாகுமரி என்று பிள்ளைகளோடு போய்வர உள்ளே ஒரு கட்டில், மடக்கு மேசை, சின்ன அலமாரி, கை கழுவத் தொட்டி எல்லாம் தச்சரைக் கொண்டு செய்திருந்தார்கள். வெளிநாட்டில் கேம்பர் வேன் என்கிறார்களே, அதுதான். கட்டிலில் நோயாளியைப் படுக்கவைக்கலாம், மேசையில் மருந்து வைக்கலாம், தொட்டியில் டாக்டர் கை கழுவலாம். சுற்றுலாவுக்கென்று செய்த வண்டி எங்களுக்கு ஆஸ்பத்திரி வண்டியாகவே வந்து சேர்ந்தது.

வண்டியில் வைத்தியம் பார்க்கப் போவது நம் நாட்டு மிஷன் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் ஒரு பெஷோ காரில் குடியாத்தம் சாலை வழியே போய், மரத்தடியில் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மாடு இல்லாமல் ஓடும் அந்த வண்டியைக் கண்டு ஜனங்கள் பயந்து ஓடியதாகச் சொல்வார்கள். அம்மையார் காருக்குக் குளிர்பெட்டி தேவைப்படவில்லை. இன்றைக்கு ஒரு கிராம முகாமுக்குப் போவதென்றால் இன்சுலின் வேண்டும், நாய்க்கடிக்குத் தடுப்பூசி வேண்டும், பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்த ஆக்சிடோசின் வேண்டும். இவையெல்லாம் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே இருக்கவேண்டியவை. சூடு ஏறினாலும் கெடும். இன்சுலினும் ரண ஜன்னித் தடுப்பூசியும் உறைந்துபோனாலும் கெட்டுவிடும். ஆகவே வண்டியில் 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்னக் குளிர்பெட்டி வைத்தோம். எங்கள் தொல்லை அந்தப் பெட்டியிலிருந்துதான் ஆரம்பித்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையை இங்கே மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, இந்தப் பக்கம் முழுவதையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. பட்டுக்கோட்டை தொடங்கி இங்கே வரை தென்னைகள் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன. அலையாத்திக் காடு இலையெல்லாம் கருகி, நெருப்பு வைத்ததுபோல் நின்றது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளிகள் வந்து, வயலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியிருந்தும் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்களும் அணைந்துபோயின.

அந்த நாட்களில் வேனை எடுத்துக்கொண்டு தினமும் போனோம். ஜாம்புவானோடை, துறைக்காடு, தொண்டியக்காடு, தில்லைவிளாகம். வண்டியின் ஒரே பேட்டரியில் குளிர்பெட்டியும் விளக்கும் ஓடவேண்டும் என்பது முதல் நாளிலேயே சிரமமாய்த் தெரிந்தது. இன்னொரு பேட்டரியைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. யாருக்குத் தோன்றியது என்று கேட்காதீர்கள், எங்களுக்குத்தான். செமினரியில் எபிரெயுவும் கிரேக்கும் கற்றோம், மின்சாரம் கற்கவில்லை. மருத்துவமனை இன்வெர்ட்டருக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் வைத்து, முதல் பேட்டரியோடு பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று வயர் போட்டு இணைத்துவிட்டோம். ஓட்டுநர் தம்பி, "ஐயா, யாரையாவது கேட்டுக்கொள்ளலாமா?" என்றான். "இதில் கேட்க என்ன இருக்கிறது?" என்றோம். இப்போதும் அந்த வார்த்தை எங்கள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

ஐந்து நாள் நன்றாகவே ஓடியது. ஆறாம் நாள் சாயங்காலம் தொண்டியக்காட்டில் முகாம். கூரைத் தகடு வெட்டியவர்கள், ஓடு விழுந்து மண்டை உடைந்தவர்கள், ஈரத்தில் கிடந்து மூச்சுத்திணறல் வந்த குழந்தைகள் என்று வரிசை நீண்டது. என்ஜினை நிறுத்திவிட்டு விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி, குழந்தைகளுக்கு மருந்துப்புகை கொடுக்கும் நெபுலைசர் எல்லாவற்றையும் ஓட்டினோம். அதோடு ஊர் ஜனங்கள் தங்கள் செல்போன்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சென்னையிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு "உயிரோடிருக்கிறோம்" என்று சொல்லவேண்டும், போன் செத்துக் கிடக்கிறது. கோபுரம் வேலை செய்யும் இடம்வரை நடந்து போயாவது பேசிவிடலாம், முதலில் போனில் உயிர் இருக்கவேண்டும் அல்லவா? அப்படிக் கேட்கிறவர்களிடம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. முப்பது போன் இருக்கும், கட்டில்மேல் வரிசையாய்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். நிறைமாதம். வலி காலையிலேயே தொடங்கியிருக்கிறது. எங்கள் சிஸ்டர் பார்த்துவிட்டு, "இங்கே ஆகாது ஐயா, உடனே திருத்துறைப்பூண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்" என்றார்கள். 108ஐக் கூப்பிட சிக்னல் இல்லை. பெண்ணை வேனில் ஏற்றினோம். தம்பி சாவியைத் திருப்பினான். "டக்" என்று ஒரு சத்தம். மறுபடியும் திருப்பினான், "டக்." உள்ளே விளக்குகள் மங்கி அணைந்தன.

டீசல் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று உங்களில் அநேகருக்குத் தெரியும். அந்த ஊர் வாலிபர் பதினைந்து பேர் தள்ளினார்கள். சேற்றில் சக்கரம் உருளாமல் வழுக்கியது. கடைசியில் ஒருவர் ஓடிப்போய் டிராக்டர் கொண்டுவந்தார். கயிறு கட்டி மேட்டுக்கு இழுத்து, கியரில் போட்டு விட்டபோது என்ஜின் பிடித்தது. ஐம்பது நிமிடம் போய்விட்டது. அந்த ஐம்பது நிமிடமும் அந்தப் பெண்ணின் தாயார் எங்களைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே பேச முடியாது. கர்த்தர் இரங்கினார். நள்ளிரவுக்குப் பின் அரசு மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது, தாயும் நலம். ஆனால் இது எங்கள் கெட்டிக்காரத்தனத்தினால் நடந்ததல்ல என்பதை அன்றைக்கே அறிந்துகொண்டோம். காலையில் குளிர்பெட்டியைத் திறந்தால் வெப்பமானி 14 டிகிரி காட்டியது. நாய்க்கடித் தடுப்பூசியையும் ஆக்சிடோசினையும் டாக்டரம்மா எடுத்து ஒதுக்கிவைக்கச் சொன்னார்கள். நீங்கள் கொடுத்த காணிக்கையில் வாங்கியவை அவை.

அடுத்த நாள் வண்டியை முத்துப்பேட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாயிடம் கொண்டுபோனோம். முப்பது வருஷமாக அந்தத் தொழில் செய்கிறவர். மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு பேட்டரியும் 10.9 வோல்ட். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6, 12.7 காட்டவேண்டும். 12.2 என்றால் பாதி. 11.8க்கு வந்துவிட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். எங்களுடையது காலிக்கும் கீழே போயிருந்தது. பாய் கட்டிலடியில் எங்கள் கைவேலையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யார் ஐயா போட்டது?" என்றார். சொன்னோம். "நல்லவேளை, நெருப்புப் பிடிக்கல" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்ததை எங்களுக்கு விளங்கியபடி உங்களுக்குச் சொல்லுகிறோம். நம்மூர் ஆற்றையும் வாய்க்காலையும் வைத்துச் சொன்னதால் எங்களுக்கே விளங்கிவிட்டது.

இரண்டு பேட்டரியை நேரே இணைத்தால் அவை இரண்டல்ல, ஒரே பெரிய பேட்டரி. குளிர்பெட்டி ஒன்றிலிருந்து இழுக்கும்போது மற்றதும் சேர்ந்து இறங்கும். இறங்கி முடித்தபின் என்ஜினைச் சுழற்ற எதிலும் பலம் இருக்காது. டீசல் என்ஜினின் ஸ்டார்ட்டர் சில நொடிக்கு 200 ஆம்பியருக்கு மேல் கேட்கிற சாமான். போதாததற்கு ஒன்று பழையது, ஒன்று புதியது. பழையது புதியதையும் தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு போகும். "ஆத்துல தண்ணி வரும்போது மதகைத் திறந்து குளத்தை ரொப்பணும், ஆறு வத்தும்போது மதகை அடைக்கணும். நீங்க மதகே வைக்கல ஐயா, கரையை வெட்டிவிட்டிருக்கீங்க" என்றார் பாய்.

மதகு என்பது ரிலே. என்ஜின் ஓடும்போது ஆல்ட்டர்னேட்டர் மின்சாரம் செய்கிறது, அப்போது ரிலே மூடிக்கொண்டு இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், இரண்டும் நிரம்பும். என்ஜின் நின்றதும் ரிலே விட்டுவிடும், இரண்டும் தனித்தனி. குளிர்பெட்டியும் விளக்கும் இரண்டாவதில் மட்டும். அது அடியோடு காலியானாலும் முதல் பேட்டரி நிறைந்தே இருக்கும், வண்டி கிளம்பும். அவ்வளவுதான் விஷயம். 2019இல் அவர் பொருத்தித் தந்த ரிலே, ஆல்ட்டர்னேட்டரின் சார்ஜ் விளக்குக்குப் போகும் வயரிலிருந்து உத்தரவு வாங்கிக்கொள்ளும். சென்ற ஆண்டு போட்ட புதிய ரிலே வோல்ட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. 13.3ஐத் தொட்டால் சேர்க்கும், 12.8க்குக் கீழே வந்தால் பிரிக்கும்.

பத்துக் கன்னிகைகளின் உவமை உங்கள் மனதில் இந்நேரம் ஓடியிருக்கும். எங்கள் மனதிலும் ஓடியது. வாலிப வயதில் அந்த உவமையைப் பிரசங்கிக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு நெருடல் உண்டு. புத்தியுள்ள ஐந்து பேரும் தங்கள் எண்ணெயைப் பகிர்ந்துகொள்ள மறுத்தது சரிதானா என்று. அன்பு என்றால் பகிர்வதல்லவா? பாய் கடையில் அந்த மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது அந்த நெருடல் பாதி குறைந்தது. பகிர்ந்திருந்தால் பத்து விளக்கும் நடுவழியில் அணைந்திருக்கும். மீதிப் பாதி நெருடல் இன்னும் இருக்கிறது. அதை இன்றைக்கு எடுக்கவேண்டாம்.

அடுத்தது எவ்வளவு பெரிய பேட்டரி என்கிற கேள்வி. இதற்கு ஊகம் உதவாது, கணக்குப் போடவேண்டும். குளிர்பெட்டி 45 வாட், ஆனால் குளிர்ந்தபின் பாதி நேரம்தான் ஓடும். சராசரி 2 ஆம்பியர் என்று வைத்தோம், 8 மணி நேரத்துக்கு 16 ஆம்பியர்-மணி. 10 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 4 மணி நேரம், 7 ஆகிறது. மின்விசிறி 2 ஆம்பியர், 6 மணி, 12 ஆகிறது. நெபுலைசர் சின்ன இன்வெர்ட்டர் வழியாக அரைமணி ஓடினால் 6. ஆக மொத்தம் 41. ஈயப் பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் சீக்கிரம் முடிந்துபோகும். ஆகவே 100 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கினால் 50 மட்டுமே நம்முடையது. 41க்கு அது போதும். செல்போன்களுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். செல்போனை இன்றும் மறுப்பதில்லை, ஆனால் ஒரு நேரத்தில் ஆறுதான் என்று சிஸ்டர் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

பேட்டரியிலும் ஜாதி உண்டு என்பது எங்களுக்குப் புதிய செய்தி. என்ஜின் கிளப்பும் பேட்டரியில் தகடுகள் மெல்லியவை, நிறைய இருக்கும். ஒரே மூச்சில் பலத்தைக் கொட்டிவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளும். ஆனால் மெதுவாக இறங்கி ஏறுவதை அது தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரி அதற்கு நேர்மாறு. எங்களுக்கு இரண்டாவதாக வேண்டியது டியூபுலர்தான். இந்தக் காலத்தில் லித்தியம் பேட்டரி வந்திருக்கிறது. எடை பாதிக்கும் குறைவு, ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம், வருஷமும் அதிகம் உழைக்கும். அதைப் போடலாமா என்று சென்ற ஆண்டு யோசித்தோம். அது ஆல்ட்டர்னேட்டரிடம் அளவில்லாமல் மின்சாரம் கேட்கும். பழைய ஆல்ட்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடாமல் இருக்க நடுவே ஒரு தனிச் சார்ஜர் வைக்கவேண்டும். அது பழுதானால் திருத்துறைப்பூண்டியிலோ பட்டுக்கோட்டையிலோ திறந்து பார்க்க ஆள் கிடைப்பாரா என்று எங்களுக்கு நிச்சயமில்லை. டியூபுலருக்கு வாலை வடித்த தண்ணீர் போதும், அதை எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். இன்னும் சில வருஷத்தில் எங்கள் எண்ணம் மாறலாம்.

வயர் விஷயத்துக்கு வருகிறோம். இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் எங்கள் முதல் வேலையில் நெருப்புப் பிடிக்காமல் போனது இதில்தான். நாங்கள் போட்டது வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். முன் பேட்டரியிலிருந்து கட்டிலடிவரை 5 மீட்டர். 30 ஆம்பியர் அதில் ஓடினால் வழியிலேயே 1 வோல்ட்டுக்குமேல் செத்துவிடும். முன்னே 14.2 இருந்தால் பின்னே 13.1தான் போய்ச்சேரும். அதில் பேட்டரி முழுவதும் நிரம்பவே நிரம்பாது. செத்த அந்த 1 வோல்ட் எங்கே போகிறது? வயரைச் சூடாக்குகிறது. அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டால் இழப்பு 0.16 வோல்ட்தான்.

நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தார்கள் என்று பத்திரிகையில் படிப்போம், கோரையாற்றிலும் பாமணியாற்றிலும் அது நம் வயலுக்கு வந்துசேர எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்று நமக்குத்தான் தெரியும். வாய்க்கால் தூர்ந்து குறுகியிருந்தால் தலைமடையில் வெள்ளம், கடைமடையில் வெடிப்பு. கட்டிலடி பேட்டரி எங்கள் வண்டியின் கடைமடை. பாய் இதைச் சொன்னபோது எங்கள் ஓட்டுநர் தம்பி, அவன் துறைக்காட்டு விவசாயி மகன், உடனே தலையாட்டினான். எங்களுக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

கேபிளின் இரண்டு முனையிலும், ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு சாண் தூரத்துக்குள், ஒரு பியூஸ் வேண்டும். ஒரு முனையில் மட்டும் போதாதா என்று கேட்டோம். கேபிள் நடுவில் எங்காவது உராய்ந்து வண்டியின் இரும்பில் பட்டால், இரண்டு பேட்டரியும் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த இடத்தில் கொட்டும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் எரியும். கேபிள் தகட்டைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் வளையம் வைத்தார். எங்கள் முதல் வயர் அந்த இடத்தில் ஏற்கெனவே தோல் உரிந்திருந்தது. நோயாளி படுக்கும் கட்டிலுக்கு அடியில்! மண்டை உடைந்தவர்களையும் கைக்குழந்தைகளையும் ஆறு நாள் அதன்மேல் படுக்கவைத்திருக்கிறோம்.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஆகவே பேட்டரியை மூடியுள்ள ஒரு பெட்டியில் வைத்து, பெட்டியிலிருந்து ஒரு குழாயைத் தரைக்கு வெளியே விட்டிருக்கிறோம். பெட்டியை இரும்புப் பட்டையால் தளத்தோடு முடுக்கியாயிற்று. டியூபுலர் பேட்டரி முப்பது கிலோவுக்குக் குறையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்து பிரேக் போட்டால் அது பறந்து வரும். உப்புக்காற்று இங்கே பேட்டரி முனைகளைப் பச்சை பூக்கவைத்துவிடுகிறது. மாதம் ஒருமுறை வெந்நீரில் கழுவித் துடைத்து வாசலைன் தடவுவது தம்பியின் வேலை.

இன்னொரு தப்பெண்ணமும் எங்களுக்கு இருந்தது. வண்டி ஓடினால் இரண்டாவது பேட்டரி தானே நிரம்பிவிடும் என்று. முகாமுக்கும் முகாமுக்கும் நடுவே நாங்கள் ஓட்டுவது முக்கால் மணி நேரம். 40 ஆம்பியர்-மணி காலியான பேட்டரிக்கு அது எப்படிப் போதும்? அதுவும் ஈயப் பேட்டரி முதல் பகுதியை வேகமாக வாங்கிக்கொள்ளும், கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரவில் கொட்டகையில் மின்சாரச் சார்ஜர் போடுகிறோம். கூரைமேல் 100 வாட் சூரியத் தகடு ஒன்றும் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் 30 ஆம்பியர்-மணி தருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதில் பாதியும் வராது. புயல் வருவதும் அந்த மாதங்களில்தான்.

இப்படிச் செய்வதில் நாங்கள் முதல் ஆட்கள் அல்ல என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டோம். ஜெர்மனியில் வோக்ஸ்வேகன் வேன் 1950இல் வந்தது. வெஸ்ட்பாலியா என்ற கம்பெனியார் 1951 முதல் அதற்குள் கட்டிலும் அலமாரியும் வைத்துக் கொடுத்தார்கள். 1960களிலும் 1970களிலும் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக அப்படிப்பட்ட வண்டிகளில் வெள்ளைக்கார வாலிபர்கள் இந்தியாவுக்குச் சாலை வழியாகவே வந்தார்கள். 1979இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் யுத்தமும் வந்தபின் அந்த வழி அடைபட்டது. முதலில் அந்த வண்டிகள் 6 வோல்ட்டில் ஓடின. 1970களின் வண்டிகளில் பின்புற என்ஜின் அறையில் ஒரு பக்கம் முதல் பேட்டரி இருக்கும், மறுபக்கம் இரண்டாவதற்கு இடம் விட்டிருப்பார்கள். இன்றைக்கும் அந்தக் கிழட்டு வண்டிகளை வைத்திருப்பவர்கள் முதலில் செய்கிற வேலை இரண்டாவது பேட்டரிதானாம். அவர்களுக்கு அது பீர் குளிரவைக்க. எங்களுக்கு இன்சுலின்.

இனி அந்தச் சகோதரியின் கேள்வி. விற்றுவிட்டுப் புதிது வாங்கினால் என்ன? நியாயமான கேள்வி. எங்கள் கமிட்டியிலேயே இரண்டு பேர் அந்த அபிப்பிராயம் உள்ளவர்கள், அவர்கள் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய வண்டி புகை விடுகிறது, எஃப்.சி. வாங்குவது ஒவ்வொரு தடவையும் ஒரு பரீட்சை, உதிரிப்பாகம் தேடி ஓட்டுநர் தம்பி திருச்சிவரை போய்வருகிறான். இதையெல்லாம் மறைக்கவில்லை. 2008 முதல் 108 ஓடுகிறது, 2021 முதல் அரசாங்கத்தார் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். முன்போல் எங்கள் வண்டியை மட்டுமே நம்பி ஒரு கிராமமும் இல்லை, அது மகிழ்ச்சியான காரியம். ஆனால் ரோடு அடைபட்டு, கோபுரம் அணைந்து, கம்பம் சாய்ந்து கிடக்கிற அந்தப் பத்து நாளில், தன் விளக்கைத் தானே கொண்டுபோகிற ஒரு வண்டி வேண்டியிருக்கிறது. புதிய வேன் வாங்கினாலும் கட்டில், தொட்டி, குளிர்பெட்டி எல்லாம் மறுபடி செய்யவேண்டும், அதிலும் இரண்டாவது பேட்டரி போட்டே ஆகவேண்டும். பேட்டரி, ரிலே, கேபிள், சூரியத் தகடு எல்லாவற்றையும் கழற்றிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒன்றும் வீண்போகாது. எங்கள் அபிப்பிராயம், இந்த என்ஜின் ஓடுகிறவரை ஓடட்டும் என்பது. அடுத்த எஃப்.சி.யில் அது தேறாவிட்டால் இந்தக் கேள்வியை நாங்களே உங்கள் முன் கொண்டுவருவோம்.

முதல் சகோதரருக்கு: கணக்கில் நீங்கள் பார்த்தது 2019இல் போட்ட பேட்டரிக்கு மாற்றாக வாங்கியது. பழையது ஐந்து வருஷம் உழைத்தது. அதற்குமுன் நாங்கள் கெடுத்த அந்தப் புதுப் பேட்டரி ஐந்து வாரம்கூட உழைக்கவில்லை. அந்த நஷ்டம் 2018-19 கணக்கில் "இதர செலவு" என்ற தலைப்பில் போயிருக்கிறது. அன்றைக்கு அதை விளக்கமாய் எழுத எங்களுக்குத் தைரியம் வரவில்லை. சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டவர் இங்கே இருந்தால், அது இந்த வரிக்கு வந்ததல்ல, அந்த வரிக்கு வந்திருக்கவேண்டியது என்று தெரிவித்துக்கொள்ளுகிறோம்.

இப்போது வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. காலையும் மாலையும் இரண்டு பேட்டரியின் வோல்ட்டும் குளிர்பெட்டியின் டிகிரியும் அதில் எழுதவேண்டும். இன்று காலை முதலாவது 12.6, இரண்டாவது 12.7, பெட்டி 5 டிகிரி. அந்தத் தொண்டியக்காட்டுப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் பாட்டியார் வேனைக் கண்டால், "ஸ்டார்ட் ஆகுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரஷர் பார்க்கக் கையை நீட்டுகிறார்கள்.

டீ தயாராகிவிட்டதாகச் சமையலறையிலிருந்து சைகை காட்டுகிறார்கள். வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. கட்டிலைத் தூக்கி வைத்திருக்கிறோம், பெட்டிக்குள் பார்க்கலாம். பார்க்க வருகிறவர்கள் மோதிரமும் இரும்புப் பட்டை வாட்சும் கழற்றிவிட்டு வாருங்கள். ஸ்பானரை மட்டும் தம்பி கையில் விட்டுவிடுங்கள்.